பாம்புப் பெட்டி: சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுக் குளிருக்கும்

பாம்பு வளர்க்கிற பெட்டி பற்றி எனக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி பால் பைத்தான் (Ball python), கார்ன் ஸ்நேக் (Corn snake) என்ற விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்புகள் பற்றியவை. அந்த இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பிளைவுட் வேலை என் தொழில், பாம்பு வளர்ப்பது பதினோரு வருஷப் பழக்கம். நோய், மருந்து பற்றியெல்லாம் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

அஸ்தம்பட்டி: அண்ணா, கார்ன் ஸ்நேக் குட்டி வாங்கப் போறேன். வீட்டில் பழைய மீன்தொட்டி சும்மா கிடக்கு. போதுமா?

குட்டிக்குப் போதும் தம்பி. வளர்ந்த பிறகு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். மூடிக்குக் கிளிப் வாங்கிப் போடுங்கள். விரல் நுழைகிற சந்து இருந்தால் அது வெளியே வந்துவிடும். சந்தை அடைக்க டேப் ஒட்டாதீர்கள். பாம்பின் செதிலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது தோலும் சேர்ந்து வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டு, மெதுவாக எடுங்கள்.

ஏற்காடு, நாகலூர்: மார்கழியில் இங்கே இரவு குளிர் தாங்காது சார். பால் பைத்தானுக்குக் கண்ணாடித் தொட்டியில் ஹீட் மேட் (அடியில் போடும் மின்சாரச் சூட்டு விரிப்பு) மட்டும் போட்டால் சமாளிக்குமா? உள்ளே வைக்க காப்பிக் கிளை நிறையக் கிடைக்கிறது.

சமாளிக்காது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். கண்ணாடி சூட்டை வெளியே விட்டுவிடும், ஹீட் மேட் உள்ளே இருக்கிற காற்றைச் சூடாக்காது. உங்களுக்கு மரப்பெட்டிதான் சரி. தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட் வாங்குங்கள், சாதா பிளைவுட் ஈரத்தில் ஊதி அடுக்கடுக்காகப் பிரியும். உள்பக்கம் தண்ணீரில் கரைக்கிற பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கோட் அடியுங்கள். மூலைகளில் பூஞ்சை மருந்து கலக்காத மீன்தொட்டி சிலிக்கான். அப்புறம் இரண்டு வாரம் திறந்து போடுங்கள். பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பாருங்கள், வாடை துளி இருந்தாலும் பாம்பை விடக்கூடாது. முன்பக்கம் சறுக்குக் கண்ணாடியும் பூட்டும்.

சூட்டுக்கு, பெட்டியின் மேல்பக்கம் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், அதைச் சுற்றிக் கம்பிக்கூடு. ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26, இரவில் 24க்குக் கீழே இறங்கக்கூடாது. சூடு ஏறினால் தானாக அணைக்கிற தெர்மோஸ்டாட் கட்டாயம். என் முதல் கார்ன் ஸ்நேக்கைத் தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டில் விட்டேன். ஒரு காலையில் தூக்கிப் பார்த்தால் அடிவயிற்றுச் செதில்கள் வரிசையாகப் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தன. சுட்டும் அது நகரவே இல்லை. நாலு முறை தோலுரித்தும் தழும்பு போகவில்லை.

காப்பிக் கிளை அருமையான மரம், கெட்டி, நல்ல கோணல். ஆனால் எஸ்டேட்டில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

சூரமங்கலம்: மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை. ஏப்ரலில் அறைக்குள்ளேயே 37 டிகிரி காட்டுது. என்ன செய்ய?

கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மேற்குச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்து, ஹீட்டரைக் கழற்றிவிடுங்கள். மண்பானையைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்து வைத்து, மேல்பக்கத்தைத் தினமும் நனையுங்கள். அறுத்த ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள். வாசலாக ஓட்டை போட்டால், இரை விழுங்கிப் பருத்த உடம்பும் தாராளமாக நுழைய வேண்டும்.

கொண்டலாம்பட்டி: தோட்டத்தில் பிடித்த சாரைக் குட்டிக்கு என்ன அளவு பெட்டி?

பெட்டியே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைப்பது குற்றம். இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஓமலூர்: நாற்பது பால் பைத்தான் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். எல்லாம் தின்கிறது, முட்டை போடுகிறது. கிளை, செடி எல்லாம் பார்க்கிற மனுஷன் கண்ணுக்குத்தானே?

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தின்பதும் முட்டை போடுவதும் உயிர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். தென்கிழக்கு நைஜீரியாவில் செய்து 1998இல் வெளியான ஆய்வில், ஆண் பால் பைத்தான்கள் அதிகம் தின்றது பறவைகளை, பெண்கள் எலி போன்றவற்றை. பறவையைப் பிடிக்க மரம் ஏறத்தானே வேண்டும்? என்னிடம் இருக்கிற ஆண், விளக்கணைத்த அரைமணி நேரத்தில் கிளைக்கு வந்துவிடும். முன்பாதி உடம்பைத் தொங்கவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டே இருக்கும். டப்பாவில் இருந்த இரண்டு வருஷத்தில் அதை ஒருநாளும் நான் பார்த்ததில்லை. உடம்பை முழுதாக நீட்ட இடமில்லாத டப்பாவில் எதைப் பார்க்க முடியும்?

வெளிநாட்டுப் பாம்பென்றாலும் கணக்கு உண்டு. அரிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் பால் பைத்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நாற்பதும் பதிந்திருக்கிறீர்களா?

அம்மாபேட்டை: ஓமலூர்க்காரர் சொல்றது சரிதான். என் பைத்தானைப் பெரிய பெட்டிக்கு மாற்றினேன், ஒரு மாதமாகச் சாப்பிடவில்லை.

பெட்டிக்குள் என்னென்ன வைத்தீர்கள்? ஒரு தண்ணீர்க் கிண்ணமும் ஒரு கல்லும் என்றால் அது அதற்குப் பொட்டல்வெளி. சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று என இரண்டு ஒளிவிடம் வேண்டும். உடம்பு நாலு பக்கமும் உரச வேண்டும், அவ்வளவு இறுக்கம். நடுவில் சருகு, மரப்பட்டை, கிளை போட்டு நிரப்புங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தலை வெளியே தெரியாமல் அது போக முடிய வேண்டும். மூன்று பக்கமும் அட்டை வைத்து மறையுங்கள். இரண்டு வாரம் தொடாதீர்கள்.

ஓமலூர்: பதிவெல்லாம் செய்திருக்கிறேன். சுத்தம் செய்ய டப்பாதான் வசதி.

பதிந்தது நல்லது. வசதி உங்களுக்கு, பாம்புக்கு இல்லை. இதற்கு மேல் உங்களோடு நான் வாதாடப் போவதில்லை.

ஆத்தூர்: ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேணுமா?

வேண்டும். நாகலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: உள்ளே புற்று மாதிரி செய்து வைக்க ஆசை. சிமெண்ட் போடலாமா?

நல்ல ஆசை. சிமெண்ட் கனம். தெர்மாகோலை அடுக்கி ஒட்டிக் கத்தியால் செதுக்கி, டைல் சந்துக்குப் போடுகிற கிரவுட்டை மூன்று கோட் பூசுங்கள், மேலே அதே வார்னிஷ். கையைவிட்டுத் துடைக்கிற மாதிரி வளைகள் அகலமாக இருக்கட்டும். மெக்னசைட் கல்லோ வேறு எதுவோ, கனமானதைப் பெட்டித் தரையிலேயே வைத்துவிட்டுப் பிறகு தேங்காய் நார்த்தூளைக் கொட்டுங்கள். தூளின் மேல் வைத்தால் பாம்பு அடியில் தோண்டும், கல் சரிந்து நசுக்கும்.

தாரமங்கலம்: தொட்டி மூடிச் சந்தை டேப் போட்டு...

வேண்டாம். முதல் பதில்.

எடப்பாடி: நல்ல பாம்புக் குட்டி...

வனத்துறை. கையால் தொடாதீர்கள்.

ஏற்காடு, நாகலூர்: எஸ்டேட்டில் கேட்டேன் சார். போர்டோ கலவை அடித்திருக்கிறார்களாம்.

அப்படியானால் விட்டுவிடுங்கள், அதில் மயில்துத்தம் இருக்கும். வீட்டுக் கொய்யாவில் மருந்து அடிக்காத கிளையாக, உங்கள் பாம்பின் நடு உடம்பு பருமனில் ஒன்று வெட்டுங்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்றாகக் காயும்வரை வெயிலில் போடுங்கள். இரண்டு முனையையும் வெளியிலிருந்து திருகாணி போட்டு இறுக்கிவிட்டு, உங்கள் கையால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆடினால் இன்னொரு திருகாணி.