25 வருடம் நின்ற மஸ்டாங்: சாவியைத் திருப்பலாமா?

கேள்வி: நியூஜெர்சி, எடிசனில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருப் பெரியவர், கராஜில் 25 வருடமாக நிற்கும் ஃபோர்டு மஸ்டாங்கை எனக்கே தருவதாகச் சொல்கிறார். ‘முதன்முதலில் வந்த 1964½ வண்டி, ஒரிஜினல் இன்ஜின்’ என்கிறார். பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்க உள்தகட்டில் 5T07C என்று தொடங்கும் எண் இருக்கிறது. எட்டு சிலிண்டர். அவர் சொல்வது சரியா? புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பதில்: ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

முதலில் எண். 5 என்றால் 1965 மாடல். T என்றால் மெட்டச்சன் ஆலை. பெயர்தான் மெட்டச்சன்; ஆலை இருந்தது உங்கள் எடிசனில்தான், ரூட் 1 மீது, 2004 வரை. 07 ஹார்ட்டாப் (நிலையான கூரை), 08 ஆக இருந்தால் கன்வர்டிபிள் (மடக்கும் கூரை), 09 ஃபாஸ்ட்பேக் (பின்னே சரியும் கூரை). C என்பது 289 கன அங்குல வி-8, இரண்டு பேரல் கார்புரேட்டர்.

1964 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த முதல் தொகுதியைத்தான் 1964½ என்கிறார்கள். அவற்றின் எண்ணும் 5-இல்தான் தொடங்கும், குழப்பம் அதனால் வருவது. ஆனால் C இன்ஜின் அந்தத் தொகுதி முடிந்த பிறகு வந்தது. மெட்டச்சனில் மஸ்டாங் கட்டத் தொடங்கியதே 1965 பிப்ரவரியில். ஆகவே இது 1964½ இல்லை. அந்த அரைக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

ஒரிஜினல் இன்ஜினா என்பதற்கு முழு நிரூபணம் கிடைக்காது. அந்த ஆண்டு மஸ்டாங்கில் C-க்குப் பதில் K எழுத்து வரும் இன்ஜின் தவிர மற்றவற்றில் வண்டி எண்ணைப் பொறிக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றினால் பிளாக்கில் வார்ப்புத் தேதி தெரியும். 5C12 என்றிருந்தால் 1965 மார்ச் 12. டிரைவர் கதவுத் தகட்டில் உள்ள தேதிக்குச் சில வாரம் முன்னதாக அது இருந்தால் நம்பலாம். சக்கரத்தையும் பாருங்கள்: வி-8 வண்டிக்கு ஐந்து நட்டு. நான்கு இருந்தால் ஆறு சிலிண்டர் வண்டியின் பாகங்களை யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: வாங்குவதா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: துருவை வைத்து. இன்ஜினைப் பணம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். இந்த வண்டியின் உயிர்நிலை, முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுத் துளைகள் உள்ள தகட்டுக்கு அடியிலுள்ள பெட்டியில் இருக்கிறது. மழைநீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கி இரு பக்கமும் வழிந்து வெளியேற வேண்டும். உள்ளே, காற்று வண்டிக்குள் வரும் இரண்டு துவாரங்களைச் சுற்றித் தொப்பி போன்ற வளையங்கள் உண்டு. இலைச் சருகு தேங்கி ஈரம் நின்று, அந்த வளையங்களின் அடி அரித்துப்போகும். பிறகு நீர் நேராகக் கார்ப்பெட்டில் விழுந்து தரைத்தகட்டையும் தின்றுவிடும்.

சோதனை எளிது. கார்ப்பெட்டை மடக்கிவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். சொட்டினால் விலையைத் தாராளமாகக் குறையுங்கள். மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துத்தான் அதைச் சரிசெய்ய முடியும். வண்டிக்கு அடியில் படுத்து, முன்பக்கம் நீளமாக ஓடும் சட்ட இரும்புகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்தித் துரு உண்டா என்று பாருங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன் என்று வையுங்கள். எப்படி உயிர் கொடுப்பது?

பதில்: நின்ற இன்ஜினில் வால்வு ஒட்டியிருக்கும், பிஸ்டன் ரிங்கில் துரு இருக்கும். ஸ்டார்ட்டர் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் வால்வைத் தள்ளும் புஷ்ராடு வளையும், சிலிண்டர் கீறும். எனவே எட்டு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் அளவு, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்று. ஓரிடத்தில் முட்டினால் அழுத்த வேண்டாம். வால்வு கவரைத் திறந்து எது ஏறி இறங்கவில்லை என்று பாருங்கள்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, ஜிங்க் சேர்த்த ஆயில் ஐந்து குவார்ட் ஊற்றுங்கள். அடுத்து, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் பம்பைச் சுழற்றி ஆயிலை மேலேற்ற அதைக் கழற்ற வேண்டும். ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். ஆயில் பம்பின் கால் அங்குல அறுகோணத் தண்டு அதோடு ஒட்டி வந்து, பாதியில் கழன்று இன்ஜினுக்குள் விழுவது பலருக்கும் நடப்பது. விழுந்தால் அடித்தொட்டியைக் கழற்ற வேண்டிவரும். துளையிடும் மெஷினால் பம்பின் தண்டைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள். மெஷின் கனத்து, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் ஆயில் கசிந்ததும் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி மாட்டும்போது வயர் வரிசை 1-5-4-2-6-3-7-8. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் இடைவெளி 0.017 அங்குலம், பிளக் 0.034.

டேங்கில் உள்ள பெட்ரோல் பிசினாகியிருக்கும், அதைத் தொடாமல் விடுங்கள். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, புது ரப்பர் ஹோஸ் போட்டு, தனி கேனிலிருந்து பம்புக்குக் கொடுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இன்ஜின் ஓடிவிட்டது என்று தெருவில் இறக்கிவிடாதீர்கள். 1965 மஸ்டாங்கில், பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. நான்கு சக்கரத்தில் எங்கே கசிந்தாலும் பெடல் தரையைத் தொடும், மொத்த பிரேக்கும் போகும். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், முன்னே இரண்டும் பின்னே ஒன்றுமான ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக வேண்டும். இரும்புக் குழாயில் எங்காவது துரு உப்பியிருந்தால் அதையும் மாற்றி, டாட் 3 பிரேக் திரவம் நிரப்பி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்திலுள்ள பின் வலது சக்கரத்தில் தொடங்கிக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்.