எம்1 கேரண்ட் துப்பாக்கிக்கு நாமே வெடிமருந்து நிரப்பித் தோட்டா தயாரிக்கும்போது, தோட்டா அமரும் அறையின் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்தத் துப்பாக்கியின் பலவீனம் அறையில் இல்லை. சுடும்போது எழும் வாயுவை இயந்திரத்துக்குத் திருப்ப, குழல் முனையருகே உள்ள வாயுத்துளையில் இருக்கிறது. மெதுவாக எரியும் வெடிமருந்தும் கனத்த குண்டும் சேர்ந்தால் அங்கே அழுத்தம் மிஞ்சி, அந்த வாயுவின் விசையால் போல்ட்டை (அறையை மூடும் பாகத்தை) இயக்கும் தண்டான ஆபரேட்டிங் ராட் வளைந்துவிடும். இதற்குப் பொருந்தும் அளவான .30-06-இல் கடையில் விற்கும் வேட்டைத் தோட்டாக்கள் பலவற்றிலும் இதே வம்புதான்.

ஐஎம்ஆர் 4895 போன்ற நடுத்தர வேக மருந்து, சுமார் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு: பழைய ராணுவத் தோட்டாவின் சுபாவம் அது. மருந்தின் அளவை கேரண்டுக்கென்றே அச்சான அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள். கையால் இழுத்து இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கான பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலும் கவனம் வேண்டும். பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போதே அது பிரைமரை லேசாகத் தட்டும்; அப்போதே தோட்டா வெடித்துவிடக் கூடாது. ஆகவே கடினமான ராணுவத்தரப் பிரைமரைத் தோட்டாக் கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே அமர்த்துங்கள்.