பன்னிரண்டு சொற்களை எங்கே வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கிரிப்டோ நாணயம் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இப்பகுதியில் பதில் சொல்வதில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பறிகொடுக்காமல் இருப்பது பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய ஐந்து கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். அனைவரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி கடந்த வருடம் வந்திருந்தபோது என் தொலைபேசியில் ஒரு வொலட் செயலியை நிறுவி, அதில் சிறிது பிட்கொயின் அனுப்பினார். அப்போது திரையில் தோன்றிய பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கூகுள் டிரைவில் வைத்திருக்கிறேன். தொலைபேசிக்குக் கைரேகைப் பூட்டும் உண்டு. இவ்வளவு போதுமா? – வெள்ளவத்தை வாசகி

பதில்: போதாது. இந்த வாரமே நீங்கள் மாற்ற வேண்டிய ஏற்பாடு இது.

வொலட் என்ற பெயர் நம்மைத் தவறாக எண்ண வைக்கிறது. பணப்பைக்குள் காசு இருப்பதுபோல் உங்கள் தொலைபேசிக்குள் பிட்கொயின் இல்லை. உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் பிரதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பேரேட்டில் அது ஒரு பதிவாக இருக்கிறது. அந்தப் பதிவை நகர்த்தும் அதிகாரம் முழுவதும் அந்தப் பன்னிரண்டு சொற்களில்தான் இருக்கிறது. 2048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எழுமாறாகத் தெரிவாகும் அச்சொற்களை, அவற்றின் வரிசையோடு, பார்த்துவிட்ட ஒருவர் உங்கள் தொலைபேசியைத் தொடாமலே, எந்த நாட்டிலிருந்தும், தன்னுடைய தொலைபேசியில் உங்கள் வொலட்டைத் திறந்துகொள்வார். உங்கள் கைரேகைப் பூட்டு அவருடைய வழியில் குறுக்கிடுவதே இல்லை.

ஸ்கிரீன்ஷொட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தொலைபேசியில் உள்ள படங்களைப் படித்து, இத்தகைய சொற்கள் இருக்கும் படங்களை மட்டும் தெரிந்தெடுத்து வெளியே அனுப்பும் தீங்கு நிரல் ஒன்று கூகுள் பிளே, அப்பிள் அப் ஸ்டோர் இரண்டிலும் சில செயலிகளுக்குள் ஒளிந்திருந்ததை 2025 பெப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் வெளிப்படுத்தினார்கள். உணவு வரவழைக்கும் செயலியொன்றும் அவற்றில் இருந்தது. ஆகவே, "என் தொலைபேசியை யார் எடுக்கப் போகிறார்கள்?" என்ற ஆறுதல் இங்கே உதவாது.

இப்போது அந்தப் படத்தை அழித்துவிட்டால் போதுமென்று எண்ண வேண்டாம். ஒரு முறை இணையத்துக்குப் போன சொற்களை வெளிப்பட்டுவிட்டவையாகவே கருத வேண்டும். புதிய வொலட் ஒன்றை உருவாக்கி, அதன் புதிய சொற்களைப் பேனாவால் தாளில் எழுதி, எழுதியது சரிதானா என்று அதே சொற்களைக் கொண்டு ஒரு முறை மீளத் திறந்து பார்த்து, முதலில் மிகச் சிறிய தொகையை அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகு மீதியை மாற்றுங்கள். படத்தை அழிப்பது அதற்குப் பின்னர்தான்.

தாளுக்குக் கொழும்பில் கறையானும் ஈரமும் எதிரிகள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீட்டு உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று வீட்டில் உயரமான, உலர்ந்த இடத்தில், மற்றது நகை வைத்திருக்கும் வங்கிப் பெட்டகத்தில். தொகை பெரிதானால் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் நீங்களே பொறித்து வைக்கலாம். தகட்டைக் கடையில் கொடுத்துப் பொறிக்கக் கூடாது.

சிலர் எட்டுச் சொற்களை ஓரிடத்திலும் நான்கை வேறிடத்திலும் பிரித்து வைப்பது புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். 2020இல் ஒரு போட்டியில் எட்டுச் சொற்கள் பகிரங்கமாக வெளியிடப்பட்டிருந்த நிலையில், நிரலாளர் ஒருவர் மீதி நான்கையும் கணினிகளைக் கொண்டு ஏறத்தாழ முப்பது மணித்தியாலத்தில் கண்டுபிடித்து, பரிசாக வைக்கப்பட்டிருந்த ஒரு பிட்கொயினை எடுத்துக்கொண்டார். அது மட்டுமல்லாமல், எட்டுச் சொற்கள் உள்ள துண்டு தொலைந்தால் உங்களுக்கும் முழுவதும் தொலைந்துவிடும். பிரிக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள யூ.எஸ்.டி.ரி. (டொலர் பெறுமதியை ஒட்டிய கிரிப்டோ நாணயம்) முழுவதையும் கிரிப்டோ வாங்கி விற்கும் தளமான ஒரு பெரிய வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருக்கிறேன். பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் நடந்த திருட்டுக்குப் பிறகு அங்கே விட்டுவைப்பதா, எடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: எக்ஸ்சேஞ்சில் இருப்பது உங்களுக்கு அந்நிறுவனம் தர வேண்டிய கடன் என்று எண்ணிக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். தோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2014 பெப்ரவரியில் மூடப்பட்டபோது சுமார் 850,000 பிட்கொயின்கள் காணாமற் போயிருந்தன. பிற்பாடு அவற்றில் ஒரு பகுதி மட்டுமே கண்டெடுக்கப்பட்டது. வாடிக்கையாளருக்குப் பிட்கொயினாகத் திருப்பிக் கொடுப்பது 2024 யூலையில்தான் தொடங்கியது. எப்.ரி.எக்ஸ். என்ற எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் விழுந்ததற்கு ஹக்கர்கள் காரணமல்லர். வாடிக்கையாளரின் பணத்தை நிறுவனத்தாரே எடுத்துச் செலவிட்டிருந்தார்கள். அதன் நிறுவுநருக்கு 2024இல் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2025 பெப்ரவரி 21ஆம் திகதி பைபிட்டில் நடந்தது வேறு வகை. ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருடு போனது. வடகொரியாவே இதற்குப் பொறுப்பு என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. அறிவித்தது. வழக்கமான பரிமாற்றம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்த அதிகாரிகள் தங்கள் கணினித் திரையில் சரியான விபரங்களைத்தான் கண்டார்கள். ஆனால் அந்தத் திரையைக் காட்டிய மென்பொருள் மாற்றப்பட்டிருந்ததால், அவர்கள் கையொப்பமிட்டது வேறொரு கட்டளைக்கு. பைபிட் கடன் பெற்று இழப்பை ஈடுசெய்தது, வாடிக்கையாளர் பணம் எடுக்க முடிந்தது. ஆனாலும் திரை காட்டுவதும் நாம் ஒப்புக்கொள்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை நீங்களும் கவனிக்க வேண்டும். நாம் பிரதியெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் திருடனுடைய முகவரியாக மாற்றிவிடும் நிரல்கள் உள்ளன. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியோடு முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகள் ஒத்துப்போகும் ஒரு போலி முகவரியிலிருந்து உங்களுக்கு அற்பத் தொகை அனுப்பி, அடுத்த முறை பழைய பரிமாற்றங்களின் பட்டியலிலிருந்து நீங்கள் அதைத் தெரிவுசெய்யக் காத்திருப்பவர்களும் உள்ளனர். முகவரியை முழுவதும் ஒப்பிடுங்கள். பழைய பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், அன்றாடம் விற்று வாங்கும் அளவை மட்டும் எக்ஸ்சேஞ்சில் விட்டு, மீதியை லெட்ஜர், டிரெசர் போன்ற ஹார்ட்வெயார் வொலட்டுக்கு (சொற்களை இணையத்துக்கு அப்பால் வைத்திருக்கும் தனிக் கருவி) மாற்றுவேன். அதுவும் சொற்களைக் காக்கும் ஒழுங்கு கைவந்த பிறகுதான். அந்தக் கருவியைத் தயாரித்த நிறுவனத்திடமிருந்து நேரடியாக வாங்குங்கள், இணைய விளம்பரத்தில் வரும் கைமாறிய கருவி வேண்டாம். பெட்டிக்குள் சொற்கள் முன்பே அச்சிட்டு வந்திருந்தால் அது கண்ணி. 2020இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் விபரங்கள் கசிந்த பின், வீட்டு முகவரிகளுக்குத் தபாலில் போலிக் கருவிகளே அனுப்பப்பட்டன.

எக்ஸ்சேஞ்ச் கணக்குக்குக் குறுஞ்செய்தியில் வரும் ஓ.டி.பி.யை நம்பியிருக்க வேண்டாம். உங்கள் அடையாள அட்டையின் பிரதியைக் கொண்டு எவராவது உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் பெற்றுவிட்டால் எல்லாக் குறுஞ்செய்திகளும் அவருக்கே போகும். உங்கள் தொலைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் ஒதென்டிகேட்டர் செயலியை, முடிந்தால் பாதுகாப்புச் சாவிக் கருவியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் முன்கூட்டிப் பதிந்த முகவரிகளுக்கு மட்டும் பணம் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

கேள்வி: வட்ஸ்அப் குழு ஒன்றின் மூலம் ஒரு கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் இதுவரை ஆறு இலட்சம் ரூபாய் போட்டிருக்கிறேன். முதலில் 50 டொலர் எடுக்க முடிந்தது. இப்போது கணக்கில் 9,400 டொலர் காட்டுகிறது. எடுப்பதற்கு நூற்றுக்கு 15 வீதம் வரி கட்டச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? என் மச்சாளையும் இதில் சேர்த்துவிட்டேன். – தெஹிவளை வாசகி

பதில்: அம்மா, ஒரு சதமும் கட்டாதீர்கள். இதை எழுதும்போது என் மனம் கனக்கிறது. அந்த 9,400 டொலர் எங்கும் இல்லை. அது அவர்களுடைய இணையத்தளத்தில் அவர்களே போட்டுக்கொண்ட ஓர் எண். முதலில் கிடைத்த 50 டொலர், நீங்கள் மேலும் போடுவதற்காக உங்கள் பணத்திலிருந்தே உங்களுக்குத் திருப்பித் தந்தது. உண்மையான தளம் தன் கட்டணத்தை உங்கள் மீதியிலிருந்து கழித்துக்கொள்ளும். எடுப்பதற்காக வெளியிலிருந்து புதுப் பணம் கேட்காது. வரியைக் கட்டினால் அடுத்ததாக "பணச்சலவைச் சோதனைக் கட்டணம்" என்று ஒன்று வரும்.

குழுவிலிருந்து வெளியேறு முன் உரையாடல்கள், வங்கிச் சீட்டுகள், நீங்கள் பணம் அனுப்பிய கணக்கு எண்கள், கிரிப்டோ முகவரிகள் எல்லாவற்றையும் சேமியுங்கள். பின்னர் வங்கிக் கிளைக்கு உடனே போய்ச் சொல்லி, பொலிஸிலும், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலும் முறைப்பாடு செய்யுங்கள். யூ.எஸ்.டி.ரி.யை வெளியிடும் டெதர் நிறுவனம் சட்ட அமலாக்க அதிகாரிகள் கேட்டால் சில முகவரிகளை முடக்குவதுண்டு. பணம் அங்கிருந்து நகர்ந்துவிட்டால் அதுவும் கடினமாகிவிடும் என்பதால் நாள் கடத்த வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருவதாகப் பேஸ்புக்கில் வருபவர்கள் ஏமாந்தவர்களின் பட்டியலையே தேடி வருபவர்கள்.

மச்சாளிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வெட்கம்தான், ஆனால் அவரும் இப்போது வரி கட்டும் யோசனையில் இருக்கக்கூடும். ஆட்களைச் சேர்ப்பதால் இலாபம் வரும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டவை. மற்றவரைச் சேர்ப்பதும் அதில் அடங்கும். மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் உரிமம் வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி தன் பொது அறிவித்தல்களில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. "மத்திய வங்கிப் பதிவு பெற்றது" என்று எவராவது ஒரு சான்றிதழைக் காட்டினால் அதை நம்பாதீர்கள்.

உங்களோடு அன்பாகப் பேசிய அந்த நபரும் சுதந்திரமாக இல்லாதிருக்கலாம். மியன்மாரின் மியாவாடிப் பகுதி மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, இவ்வாறு பேசுமாறு வற்புறுத்தப்பட்டவர்களில் இலங்கை இளைஞர்களும் இருந்தார்கள்.

கேள்வி: யூ.எஸ்.டி.ரி.யை நேரடியாக இன்னொருவருக்கு விற்று, ரூபாயை வங்கிக் கணக்கில் பெறுவது பாதுகாப்பானதா? – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: உங்கள் கணக்குக்கு வரும் ரூபாய் யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் இங்கே சிக்கல். தெஹிவளை வாசகி போன்ற ஒருவர் ஏமாந்து அனுப்பிய பணமே உங்கள் யூ.எஸ்.டி.ரி.க்கான விலையாக உங்களிடம் வந்து சேரலாம். அவர் முறைப்பாடு செய்தால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. எக்ஸ்சேஞ்சில் உள்ள பெயரும் வங்கியில் அனுப்புபவர் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏற்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட்டில் காட்டும் பற்றுச்சீட்டை நம்பாமல், உங்கள் கணக்கில் பணம் வந்ததை நீங்களே பார்த்த பின்னரே யூ.எஸ்.டி.ரி.யை விடுவியுங்கள். மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்கு வங்கி அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்ற மத்திய வங்கியின் அறிவித்தலையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு ஏதாவது நேர்ந்தால் மனைவிக்கு இது பற்றி எதுவும் தெரியாது. மரண சாதனத்தில் சொற்களை எழுதிவிடலாமா? – மட்டக்குளி வாசகர்

பதில்: எழுத வேண்டாம். மரண சாதனம் நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணம், பலருடைய கண்ணில் படும். என்ன இருக்கிறது, எந்தச் செயலியில் இருக்கிறது, சொற்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, யாரை நம்பிக் கேட்கலாம், யார் கேட்டாலும் சொற்களைச் சொல்லக்கூடாது என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, சொற்கள் இருக்கும் இடத்திலன்றி வேறிடத்தில் வைத்து, அது இருப்பதை மனைவிக்குச் சொல்லுங்கள்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. அடுத்த போயா விடுமுறையில் ஒரு புதிய வொலட்டில் ஆயிரம் ரூபாய் அளவுக்குப் போட்டு, செயலியைத் தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, அந்த ஒரு பக்கத்தையும் சொற்களையும் மட்டும் வைத்துக்கொண்டு மனைவியை மீளத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், தொலைபேசியைத் தொடாதீர்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.