"அம்மம்மா, ரீச்சர் எடுக்கிறா"

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் யாழ்ப்பாணம், கொக்குவிலைச் சேர்ந்தவள். வயது 38. பதினொரு வருடம் அரசாங்கப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். 2022 இல் நாட்டின் பொருளாதாரம் படுத்தபோது இவர் செய்த சீமெந்துக் கல் தொழிலும் சேர்ந்து படுத்தது. தாலிக்கொடியைத் தவிர என் நகை எல்லாம் அடகுக்குப் போனது. அந்த வருடம்தான் அரச ஊழியர்கள் 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. 2023 இல் மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியையாகப் போனேன். மகளுக்கு அப்போது ஏழரை வயது, மகனுக்கு நான்கு. என் அம்மாதான் இரண்டு பேரையும் பார்க்கிறா.

கொழும்பிலிருந்து விமானம் ஒன்றரை மணித்தியாலம்தான். கொழும்பிலிருந்து வீட்டுக்கு வரும் இரவு பஸ்தான் அதைவிட நீளம். ஆனாலும் வருடத்தில் ஒருமுறைதான் வர முடிகிறது. நல்லூர்த் தேர் மூன்று வருடமாகப் போனில்தான்.

அங்கே ஏழு மணிக்குப் பாடசாலை. பின்னேரம் மூன்று வீடுகளில் ரியூசன். இரவு தாள் திருத்தம். எனக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 26 பிள்ளைகள், கிழமைக்கு ஒரு கட்டுரை. பெற்றோரின் வைபர் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் கேள்வி வரும். உடனே பதில் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். அங்கே வெள்ளியும் சனியும் லீவு, ஊரில் சனியும் ஞாயிறும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி ஒன்றுதான். அந்தச் சனியிலும் மகளுக்குக் காலையில் புலமைப்பரிசில் வகுப்பு, எனக்குப் பின்னேரம் ரியூசன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மகள் தன் ஆங்கிலக் கொப்பியைக் கமராவுக்கு நேரே பிடித்துக் காட்டினாள். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி ஐந்து வசனம். மூன்றாவதில் வினைச்சொல் பிழை, சொன்னேன். எழுத்து சரிந்து போகிறது, அதையும் சொன்னேன். பிறகு தவணைப் பரீட்சை மார்க்ஸ் கேட்டேன். அடுத்த நாள் நான் அழைத்தபோது போனை எடுத்தவள், திரும்பி, "அம்மம்மா, ரீச்சர் எடுக்கிறா" என்றாள். கோபமும் இல்லை, பகிடியும் இல்லை. என் பெயரே அதுதான் என்பதுபோலச் சொன்னாள். அன்று இரவு ஒரு தாளும் திருத்தவில்லை.

இப்போது விடிய மூன்று மணிக்கே நித்திரை முறிகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை பதில் வராமல் நின்றால் முன்பெல்லாம் கிட்டப் போய் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பேன். இப்போது அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறேன். கடன் போன சித்திரையோடு முடிந்தது. இப்போது வீட்டுக்கு மேல்மாடி போடுகிறோம். இவரிடம் சொன்னால், "இன்னும் இரண்டு வருசம், பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்" என்கிறார். இருக்கிறேன். அங்கே என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை. யன்னலுக்குப் பழைய சேலையைக் கட்டியிருக்கிறேன். எப்படியும் திரும்பிப் போகத்தானே போகிறோம் என்று உடுப்பைக்கூட இன்னும் சூட்கேசுக்குள்தான் வைத்திருக்கிறேன்.

லீவில் வந்து நிற்கிறேன், இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மகள் என்னோடு ஒட்டித்தான் திரிகிறாள். ஆனால் நான் கிட்டப் போனால் கொப்பியை மூடிவிடுகிறாள். திரும்பிப் போவதா, விடுவதா? வேலையையும் குடும்பத்தையும் எப்படித்தான் சமாளிப்பது?

— ஒரு ஆங்கில ஆசிரியை, கொக்குவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆலோசனை வேலைக்கு வருமுன் நானும் நீண்ட காலம் வகுப்பறையில் நின்றவள். அதனால் உங்கள் கடிதத்தில் அந்தத் தாள்கட்டின் பாரம் எனக்குக் கையில் தெரிந்தது. ஆனால் அதற்கு முதல் மகளின் கொப்பியைப் பற்றிக் கதைப்போம். ஒன்பது நாள்தான் இருக்கிறது.

நீங்கள் கண்டிப்பான தாய் என்பதால் இது நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தூரத்தில் இருக்கும் தாய்க்குத் தலை பின்னிவிட முடியாது, சோறு குழைத்து ஊட்ட முடியாது, காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. போனுக்குள் அடங்குவது கொப்பியும் மார்க்ஸும்தான். உங்களுக்குக் கைவந்த தொழிலும் அதுதான். ஆகவே அந்த வழியால் அன்பைக் கொடுத்தீர்கள். பிள்ளைக்கோ அது சோதனையாகப் போய்ச் சேர்ந்தது. பத்து வயதுப் பிள்ளை இதைப் பிரித்துப் பார்க்க மாட்டாள். புலமைப்பரிசில் வருடத்தில் அவளைச் சுற்றி ஏற்கெனவே எத்தனை பேர் மார்க்ஸ் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள்.

இந்த ஒன்பது நாளும் அவள் கொப்பியைத் தொடாதீர்கள். அவளாகக் கொண்டுவந்தால், எந்த வசனத்தை எழுத ஆசையாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். பிழை கண்ணில் படும், படட்டும். அதைத் திருத்த அவளுக்கு இங்கே ஒரு ரீச்சர் இருக்கிறா. திரும்பிப் போன பிறகும் அழைப்பை விசாரணையாக்க வேண்டாம். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் வெங்காயம் உரியுங்கள், அவள் படம் கீறட்டும். பத்து நிமிடம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. அருகில் இருக்கும் தாயும் பிள்ளையும் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கிறார்கள். மகனுக்குப் படுக்கப் போகுமுன் ஒரு கதை போதும். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே ஏழரை. அந்த நேரத்தில் ஒரு ரியூசன் வீடு இருந்தால், முதலில் விட வேண்டியது அந்த வீட்டைத்தான்.

உங்கள் களைப்புக்கு ஒரு பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019 இல், நீடித்த வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாள முடியாதபோது வரும் நிலையாக 'பேர்ன் அவுட்' என்பதை வரையறுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு சம்பந்தப்பட்ட நிலை என்றுதான் சொன்னது. அதற்கு மூன்று முகம்: உடலும் மனமும் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுவது, என்னால் ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை என்ற உணர்வு. பதில் வராமல் நின்ற பிள்ளையைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டதாக எழுதியிருந்தீர்களே, அது இரண்டாவது முகம். அதை எழுதும்போது வெட்கப்பட்டிருப்பீர்கள். அந்த வெட்கம் இருக்கிற மட்டும் உங்களுக்குள் இருக்கும் ரீச்சர் எங்கும் போய்விடவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு வகுப்பு, 26 பிள்ளைகள் என்றால் கிழமைக்கு 104 தாள். தாளுக்கு ஆறு நிமிடம் வைத்தாலும் பத்து மணித்தியாலத்துக்கு மேல். எல்லாப் பிழையையும் சிவப்பால் சுழிப்பதால் பிள்ளையின் எழுத்து உண்மையில் திருந்துகிறதா என்று 1996 இல் ஜோன் ட்ரஸ்கொட் என்ற மொழி ஆய்வாளர் கேட்டார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. முடியாத வாதத்துக்காக நீங்கள் நித்திரையை விட வேண்டாம். ஒரு கிழமை இறந்தகால வினையை மட்டும் பாருங்கள், அடுத்த கிழமை வசனத் தொடக்கத்தை மட்டும். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முன்பே வகுப்பில் சொல்லிவிடுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் போதும். வைபர் குழுவில், இரவு எட்டு மணிக்குப் பிறகு வரும் கேள்விக்குக் காலையில் பதில் தருவேன் என்று ஒருமுறை மரியாதையாகப் போடுங்கள். முதல் கிழமை இரண்டொருவர் முகம் சுளிப்பார்கள். பிறகு பழகிவிடும். பதினொரு மணிக்குப் பதில் வரும் என்று அவர்களைப் பழக்கியதும் நீங்கள்தானே.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. "கடன் போன சித்திரையோடு முடிந்தது." எவ்வளவு பெரிய விஷயம் இது! அடகில் இருந்து மீண்டு, ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறீர்கள். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் மேல்மாடிக்குப் போய்விட்டீர்கள். மூன்று ரியூசனும் கடனுக்காகத் தொடங்கியவை. கடன் போய்விட்டது, ரியூசன் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒருநாள் பிள்ளைகள் படுத்தபின் இவரோடு முற்றத்தில் இருந்து ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள்: சம்பளம் மட்டும் வந்தால் மாதம் எவ்வளவு, மேல்மாடி ஒரு வருடம் பிந்தினால் யாருக்கு என்ன நட்டம். மூன்று மணிக்கு நித்திரை முறிவதையும் அவரிடம் சொல்லுங்கள். பல்லைக் கடிக்கச் சொல்பவர்கள் பலருக்கு மற்றவரின் பல் எவ்வளவு நோகிறது என்று தெரிவதில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்ல செய்தியை மட்டும் அனுப்பிப் பழகிவிடுவதும் இதற்கு ஒரு காரணம்.

போவதா விடுவதா என்று கேட்டீர்கள். முடிவு உங்களுடையது. என் எண்ணத்தைக் கேட்டால், போங்கள், ஆனால் திரும்பும் திகதியோடு போங்கள். 5 வருடம் என்பது மேல் எல்லை, அதைக் கடைசி நாள் வரை இருந்து தீர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்கூட்டித் திரும்பினால் என்ன நடைமுறை என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இந்தக் கிழமையே கேட்டு வாருங்கள். இத்தனையாம் மாதம் அம்மா வந்துவிடுவா என்று பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய ஒரு திகதி வேண்டும்.

வெளிக்கிடுமுன் ஒரு வைத்தியரையும் பாருங்கள். இரத்தச்சோகையும் தைரொயிட் கோளாறும் இதே மாதிரிக் களைப்பைத் தரும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். விடியப்புற விழிப்போடு அழுகை, எதிலும் நாட்டமின்மை, இருந்தென்ன என்ற நினைப்பு ஏதாவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இங்கே நிற்கும்போது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

கடைசியாக, அந்த அறை. திரும்பி வந்தபின் வாழலாம் என்று நீங்கள் அங்கே வாழ்வதையே ஒத்திவைத்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே கழிந்த நாட்களும் உங்கள் ஆயுளில்தான் கழிந்தன. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் இங்கே பாடசாலையில் இருப்பார்கள், உங்களுக்கோ லீவு. அந்தக் காலை நேரத்தை ஒருவருக்கும் கொடுக்காதீர்கள். பக்கத்து அறை ரீச்சரையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில் நடவுங்கள், ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள், விரும்பினால் நித்திரை கொள்ளுங்கள். உடுப்பைச் சூட்கேசிலிருந்து வெளியில் எடுத்து வையுங்கள்.

அப்புறம், நாளைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் போய் யன்னல் திரைக்குத் துணி வாங்குங்கள். நிறத்தை அவளே தெரிவுசெய்யட்டும். வீடியோவில் உங்களுக்குப் பின்னால் அந்தத் திரை தெரியும்போது, அது தான் எடுத்துக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும். யன்னல் அளவு நினைவில்லை என்றால் பக்கத்து அறை ரீச்சரிடம் இன்றைக்கே கேட்டு எடுங்கள். தைக்கக் கொடுத்து வாங்கவும் நாள் வேண்டும்.