நோட்டீசை யார் அடித்துத் தருகிறார்?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் மகளிர் குழு நடத்துகிறோம். பெருங்குடல் புற்றுநோய் பற்றி நோட்டீஸ் கொடுக்க ஆசை. மண்டை ஓடு படம் போட்டால்தான் படிப்பார்களாம். ஒரு லேப்காரர் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன எழுதலாம்?

பதில்: மண்டை ஓடு வேண்டாம் அம்மா. வழி சொல்லாமல் பயம் மட்டும் காட்டினால், வாங்கினவர் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

முதல் வரி இப்படி இருக்கட்டும்: "வெளிக்குப் போகையில் ரத்தம் வந்தால், மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்." நம் பக்கம் பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்' போஸ்டர்தானே? உங்கள் நோட்டீசுக்குப் போட்டி அதுதான். அந்த மருந்தை மாதக்கணக்கில் தின்றுவிட்டு, ஆள் பாதியான பிறகு திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிறார்கள்.

அடுத்து நல்ல சேதி. குடலுக்குள் மரு மாதிரி ஒரு சின்ன வளர்ச்சிதான் பெரும்பாலும் தொடக்கம். அது புற்றாக மாற 10 வருஷம்கூட ஆகும். அதற்குள் ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டுப் பார்த்து (கொலோனோஸ்கோப்பி) எடுத்துவிட்டால் புற்றே வராமல் தடுக்கலாம். 45 வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைச் சோதிக்கலாம். ரத்தம் இருந்தால் குழாய்ப் பரிசோதனை கட்டாயம்.

வயதில் ஒரு விலக்கு. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 45 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 வருஷம் முன்னாலோ, எது முந்துகிறதோ அப்போதே குழாய்ப் பரிசோதனை. அண்ணனுக்கு 44-இல் என்றால் தம்பிக்கு 34-இல். கணவருக்கு வந்தால் மனைவிக்கு இந்தக் கணக்கு இல்லை, பிள்ளைகளுக்கு உண்டு.

இப்போது உங்கள் லேப்காரர். 'ஒரே ரத்தப் பரிசோதனையில் கேன்சர் தெரியும்' என்று சி.இ.ஏ. (ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை) சேர்த்த பேக்கேஜ் விற்கத்தான் இந்தத் தாராளம். சி.இ.ஏ. நோய் உறுதியானவர்களைப் பின்தொடர உதவுவது. நன்றாக இருப்பவரிடம் நோயைத் தேட உதவாது. நார்மல் என்று வந்தால் நோயாளி நிம்மதியாக வீட்டில் இருந்துவிடுவார், அதுதான் ஆபத்து. அரசின் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று மூன்றோடு நிற்கிறது. குடலை அம்போ என்று விட்டால் புரோக்கர் நுழையாமல் என்ன செய்வான்?

குழுப் பணத்திலேயே கறுப்பு வெள்ளையில் அடியுங்கள். பின்பக்கம் மலையாளம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் நேரில் விசாரித்து, எந்தக் கிழமை, எந்த அறை என்று கடைசி வரியில் பெரிதாகப் போடுங்கள்.