சுவரில் கை அழுக்கு எங்கே இருக்கிறது? வயதானவர்களுக்காக வீட்டை மாற்றுவது பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 35 வருஷம் கட்டட வேலை பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருஷமாகப் புது வீடு கட்டியது குறைவு, பழைய வீட்டை மாற்றிக் கொடுத்ததுதான் அதிகம். பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். நம் ஊரில் தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான். கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

தக்கலையிலிருந்து: அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலி, ஆனால் தானாக நடக்கிறார். வீடு முழுக்க வழுக்காத டைல்ஸ் போட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். சரியா அண்ணே?

பணத்தைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள் தம்பி. டைல்ஸ் கடைக்குப் போகும் முன் ஒரு நாள் முழுக்க அம்மா நடப்பதைச் சும்மா கவனியுங்கள். எங்கே கை வைக்கிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார், எதைப் பிடித்து எழுகிறார். வெள்ளையடித்து இரண்டு வருஷம் ஆன வீடென்றால் அதுகூட வேண்டாம், சுவரே சொல்லிவிடும். படுக்கையறைக் கதவு நிலையில் இடுப்பு உயரத்தில் ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். ஃப்ரிட்ஜ் ஓரத்தில் ஒன்று. குளியலறைக்கு வெளியே ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஒன்று. அந்தக் கறைகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். கைப்பிடி வர வேண்டிய இடங்கள் அவைதான். எந்த இன்ஜினீயர் வரைந்த பிளானும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் ராத்திரி. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை உள்ள வழியைப் பாருங்கள். மிதியடி, ஸ்டூல், டேபிள் ஃபேன் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆள் நடந்தால் தானே எரியும் சென்சார் விளக்கு இரண்டு, முழங்கால் உயரத்தில், அந்த வழியில் போடுங்கள். கட்டிலில் படுத்தபடியே எட்டும் டூ-வே ஸ்விட்ச் ஒன்று. கட்டில் உயரத்தையும் பாருங்கள். உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், 18 அங்குலம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். இதெல்லாம் ஒரு நாள் வேலை. டைல்ஸ் மாற்றுவதென்றால் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: குளியலறையில் கைப்பிடிக் கம்பி எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது? எங்கள் வீட்டுச் சுவர் ஹாலோ பிளாக். பிளம்பர் சாதாரண ஸ்க்ரூ போதும் என்கிறார்.

போதாது. இதை நான் சொந்த வீட்டில் கற்றுக்கொண்டேன். எத்தனையோ வீடுகளுக்குக் கம்பி வைத்துக் கொடுத்த நான், என் அம்மாவின் குளியலறையில் துண்டு போடும் கம்பியை மட்டும் வைத்துவிட்டு, அது போதும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளி. தலையிலும் காலிலும் எண்ணெய். கால் வழுக்கியதும் அம்மா பிடித்தது அந்தத் துண்டுக் கம்பியை. பிளாஸ்டிக் பிளக்கோடு அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மணிக்கட்டு முறிவோடு போயிற்று, இடுப்பு தப்பியது. குற்றம் சொல்ல வேறு யாரும் இல்லை, ஓட்டை போட்டவன் நான்தான்.

விழப் போகிறவர் எதைப் பிடிப்பார் என்று நாம் தீர்மானிக்க முடியாது. கையெட்டும் இடத்தில் கம்பி என்று ஒன்று இருந்தால் அது ஆளைத் தாங்க வேண்டும். நூறு கிலோவுக்கு மேல், அதுவும் வெடுக்கென்று இழுக்கும் இழுப்பை. ஹாலோ பிளாக்கில் உள்ளே வெற்றிடம், பிளக் எதையும் கவ்வாது. அந்த இடத்தில் கல்லை உடைத்து உள்ளே கான்கிரீட் நிரப்பி இறுகவிட்டு அப்புறம் ஓட்டை போடுங்கள். இல்லையென்றால் சுவரின் மறுபக்கம் வரை போல்ட் விட்டு, அங்கே ஒரு தகடு வைத்து நட் போடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் பிடிக்கும். பழைய மண்சுவர் என்றால் சுவரை நம்பவே வேண்டாம், தரையிலிருந்து எழும் கம்பிதான். ரப்பரால் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளைக் கடையில் காட்டுவார்கள், வாங்காதீர்கள்.

கம்பி கைக்குள் அடங்கும் பருமனில், ஒன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும். சுவருக்கும் கம்பிக்கும் இடையில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். இடைவெளி அதிகமானால் கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். க்ளோசெட் பக்கத்தில் கிடையாக ஒன்று, உட்காரும் இடத்துக்கு மேலே 8 அங்குலத்தில். எழுந்து நிற்க, கொஞ்சம் முன்னால் தள்ளி நெட்டாக ஒன்று. கணக்கு இது. ஆனால் போல்ட் போடும் முன் அம்மாவை உட்காரவைத்து, எழச் சொல்லி, கை தானாக எங்கே போகிறது என்று பார்த்துக் குறி வையுங்கள். என் கணக்கும் அவர் கையும் ஒத்துப்போகவில்லையென்றால் அவர் கைதான் சரி.

குழித்துறையிலிருந்து: குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

வெளியே. உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், நாம் வெளியே நின்று கத்திக்கொண்டிருப்போம். கொண்டியும் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

அருமனையிலிருந்து: முற்றத்திலிருந்து வீட்டுக்கு 18 அங்குல உயரம், மூன்று படி. பாட்டாவுக்கு வீல்சேர் வந்துவிட்டது. கொத்தனார் 6 அடி நீளத்தில் ரேம்ப் போட்டுத் தருகிறேன் என்கிறார்.

அதில் வீல்சேரை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் கொத்தனாரையே உட்காரவைத்து. ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம், இதுதான் கணக்கு. அப்படியானால் உங்களுக்கு 18 அடி வேண்டும். 6 அடியில் போட்டால் அது ரேம்ப் இல்லை, சறுக்குமரம். ஏற்றும்போது பின்னால் சாயும், இறக்கும்போது தள்ளுகிறவர் கையை விட்டு ஓடும்.

முற்றத்தில் 18 அடி நேராக இல்லையென்றால் சுவரை ஒட்டித் திருப்பிக் கொண்டுவரலாம். திரும்பும் இடத்திலும் மேலே கதவுக்கு முன்னாலும் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். கதவைத் திறக்கும்போது வண்டி நிற்க இடம் வேண்டாமா? அகலம் 4 அடி. இரண்டு ஓரத்திலும் 3 அல்லது 4 அங்குலத்துக்குச் சிறு திட்டு, சக்கரம் வெளியே போகாமல் இருக்க. இரண்டு பக்கமும் கைப்பிடி.

மேல்பூச்சுதான் நம் ஊரில் முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு, வடகிழக்கும் நமக்கு. நிழல் விழும் முற்றத்தில் சிமெண்ட் பாசி பிடிக்காமல் இருக்கும் மாதம் குறைவு. பளபளப்பாகத் தேய்க்கவிடாதீர்கள். ஈரம் காயும் முன் தென்னை ஈர்க்கு விளக்குமாறால் குறுக்கே இழுக்கச் சொல்லுங்கள், அந்தக் கோடுகள் போதும் பிடிமானத்துக்கு. மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டியது வீட்டுக்காரர் வேலை. முடிந்தால் மேலே ஒரு ஷீட் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வீல்சேர் இல்லாமல் கைத்தடியோடு நடப்பவருக்கு ரேம்ப் போட்டுக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். முழங்கால் வலிக்காரர் பலருக்குச் சரிவில் இறங்குவதுதான் கஷ்டம். அவர்களுக்குப் படியே மேல், உயரம் குறைவாக. 18 அங்குலத்தை மூன்று படிக்குப் பதில் நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் ஆழமாக வைத்து, இரு பக்கமும் கம்பி கொடுங்கள்.

திருவட்டாறிலிருந்து: பழைய ஓட்டு வீடு, திருவிதாங்கூர் காலத்தது. கதவுகள் ஒடுக்கம், நிலையின் கீழ்க்கட்டை 4 அங்குலம். இடிக்க மனசு வரவில்லை. அப்பாவின் வீல்சேர் எந்த அறைக்குள்ளும் போகவில்லை.

இடிக்க வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனைக்குள் குனிந்து நுழைந்து அந்த மரப்படிகளில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்து ஆசாரிகள் சக்கரத்தை மனதில் வைத்துக் கட்டவில்லை. உங்கள் வீடும் அதே வம்சம்.

வீட்டில் ஏழு கதவு இருக்கலாம். அப்பாவுக்கு வேண்டியது எத்தனை? படுக்க ஓர் அறை, குளிக்க ஓர் அறை, காற்று வாங்க ஒரு திண்ணை. மூன்று கதவை மட்டும் மாற்றுங்கள். பெரியவர்கள் உட்காரும் வீல்சேர் 25 முதல் 27 அங்குலம் வரை வரும், சக்கரத்தைத் தள்ளும் கைமூட்டுக்கும் இடம் வேண்டும். ஆகவே கதவு திறந்த பின் 32 அங்குலமாவது கிடைக்கட்டும், 36 இருந்தால் நிம்மதி. இரட்டைக் கதவு என்றால் இரண்டையும் திறந்து அளந்து பாருங்கள், சில சமயம் இடம் ஏற்கெனவே இருக்கும்.

கீழ்க்கட்டையை அறுக்கலாம். ஆனால் அதுதான் நிலையின் இரண்டு பக்கக் காலையும் பிடித்து வைத்திருக்கிறது. முதலில் கால்களைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டு இறுக்கிவிட்டு, அப்புறம் அறுக்க வேண்டும். பழைய வேலை தெரிந்த ஆசாரியைக் கூப்பிடுங்கள், மெஷினோடு வரும் பையனை அல்ல. தலைவாசலை மட்டும் தொடாதீர்கள். அம்மா அதில் விளக்கு வைப்பார், அறுத்த கட்டையை நினைத்துப் பாதி ராத்திரியில் அழுவார். பக்கவாட்டுக் கதவு ஒன்றை அப்பாவின் வாசல் ஆக்கிவிடுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: கக்கூஸ் கிணற்றுக்கு அப்பால், வீட்டை விட்டு முப்பது நாற்பது அடி. அப்பாவுக்கு 80. வீட்டுக்குள் கட்டலாம் என்றால் "சோறு தின்கிற இடத்தில் கக்கூஸா" என்று சத்தம் போடுகிறார்.

வாதாடாதீர்கள், அந்தத் தலைமுறை முழுக்க அப்படித்தான். வீட்டுக்குள் என்று சொல்லாமல், பின்பக்க வராந்தாவை ஒட்டி வெளிச்சுவருக்கு அப்பால் கட்டுங்கள். ஒரே மட்டத்தில், கூரைக்கு அடியில் நடந்து போகும்படி. மழையில் நனையாமல் போய் வருகிறார், அவருக்கும் வீட்டுக்கு வெளியே போன திருப்தி. அது முடியும் வரை ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி.

கிணறு இருப்பதால் ஒரு எச்சரிக்கை. செப்டிக் டாங்க் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

க்ளோசெட் 18 அங்குல உயரத்தில் உட்காருவது நல்லது, சாதாரணமாக வருவது அதைவிடத் தாழ்வு. வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு திட்டு வைப்பார்கள், அதில்தான் கால் தட்டும். அரை அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். தண்ணீர் போக, தரைச் சரிவைப் பின் மூலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பாறசாலையிலிருந்து: அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் பலவீனம். படுக்கையறை மாடியில். லிஃப்ட் வைக்கலாமா?

தங்கச்சி, முதலில் அம்மாவைக் கீழே கொண்டுவாருங்கள். முன்னறையைத் தடுத்துப் படுக்கையறை ஆக்குவது பத்து நாள் வேலை. லிஃப்ட் என்றால் குழி, கம்பம், மின்சாரம், வருஷா வருஷம் பராமரிப்பு எல்லாம் உண்டு. அனுமதியும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு 1997-இல் சட்டம் வந்தது, உங்கள் பக்கம் கேரளத்தில் 2013-இல். வைத்தே ஆக வேண்டுமென்றால், கரண்ட் போனால் பக்கத்துத் தளத்தில் வந்து நின்று திறக்கும் வசதி இல்லாததை வாங்காதீர்கள்.

மாடிப்படியில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கும். ஏறும்போது அது வலப்பக்கம் என்றால், இறங்கும்போது அம்மாவின் பலவீனமான இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே எப்போதும் இரண்டு பக்கமும். குளியலறைக் கம்பியும் வலது கைக்கு எட்டும்படி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில், இது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பது. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். அவர் வரும் நாளில் கொத்தனாரையும் வரச் சொல்லுங்கள், பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

குளச்சலிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரையால் பார்வை மங்கல்.

அப்படியானால் நிறம்தான் உங்கள் வேலை. வெள்ளைத் தரையில் வெள்ளை க்ளோசெட் வைத்தால் அவருக்கு இரண்டும் ஒன்று. மூடியை மட்டும் அடர்த்தியான நிறத்தில் மாற்றுங்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட். ஸ்விட்சைச் சுற்றி ஒரு கறுப்புக் கட்டம். செலவு ஒரு டப்பா பெயிண்ட்தான்.

மார்த்தாண்டத்திலிருந்து: எல்லாம் செய்யத் தயார் அண்ணே, அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கென்ன அவ்வளவு வயசா ஆயிடுச்சு" என்கிறார். 79.

அவருக்காக என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். வருகிற விருந்தாளிக்கு, அம்மாவுக்கு, ஊரிலிருந்து வரும் பேரனுக்கு என்று சொல்லுங்கள். ஒரே நாளில் வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்காதீர்கள். முதலில் விளக்கு, அடுத்த மாதம் குழாயைக் கைப்பிடி தட்டினால் திறக்கும் வகைக்கு மாற்றுங்கள், அதற்கடுத்து கம்பி. கம்பியை வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் அம்மா முதல் ஒரு மாதம் புதுக் கம்பியைத் தொடவே இல்லை. அதில் துண்டு காயப் போட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் பார்த்தேன், துண்டு கதவுக்கு வந்துவிட்டது. கம்பியின் நடுவில், கை பிடிக்கிற இடத்தில் மட்டும், எண்ணெய்ப் பிசுக்கு.