மாமா மகனுக்கு வேறு ஒய் பிரிவு வந்தால்

டிஎன்ஏ சோதனையில் ஒய் குரோமோசோம் பிரிவு (ஒரே ஆண்வழி மூதாதையைப் பகிரும் கிளை) உங்களுக்கு எச்-எம்69, தாய்மாமா மகனுக்கு ஆர்1ஏ என்று வந்திருப்பதைப் பார்த்து, "அப்போ நாங்க சொந்தமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கவலையே வேண்டாம். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். உங்களிடம் இருப்பது அப்பாவைப் பெற்ற தாத்தாவுடையது, மாமா மகனிடம் இருப்பது உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவுடையது. இரண்டும் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. ஒய்யை ஒப்பிட வேண்டுமானால் பெரியப்பா, சித்தப்பா மகனோடு ஒப்பிடுங்கள். மாமா மகனோடு உள்ள உறவுக்கு ஆட்டோசோமல் சோதனைதான் (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் மற்ற குரோமோசோம்களைப் பார்ப்பது) சரி, சராசரியாக 12.5 சதவீத டிஎன்ஏ இருவருக்கும் ஒன்றாக இருக்கும்.

இன்னொன்று. எச் என்றால் இந்தச் சாதி, ஆர்1ஏ என்றால் அந்தச் சாதி என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இரண்டுமே இந்தியா முழுக்கப் பல சமூகங்களில் கலந்து கிடக்கின்றன. பத்துத் தலைமுறைக்கு முன் உங்கள் வம்ச மரத்தில் 1024 முன்னோர் இடங்கள். ஒய் காட்டுவது அதில் ஒரே ஓர் ஆணை. பசிபிக் தீவுகளின் பாலினேசியர்களைப் பாருங்கள்: தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரும்பாலும் ஆசியாவைக் காட்டுகிறது, ஆண்களின் ஒய்யில் பெரும்பங்கு நியூ கினி பக்கத்து மெலனீசியாவைக் காட்டுகிறது. ஒய்யை மட்டும் பார்த்திருந்தால் பாதிக் கதை தெரியாமலே போயிருக்கும்.